முன்னங்காலைப் போடு!

முப்பத்தாறு வயதில் ஓர் ஆண்பிள்ளைக்கு என்னவெல்லாம் வரும்? லேசாகத் தொப்பை வரும். ஹோம் லோன் வரும். கொலஸ்ட்ரால் ரிப்போர்ட்டில் ஒரு நட்சத்திரக் குறி வரும். எனக்கு அப்டமன் கார்டு வந்தது.

தி.நகரில் ஒரு ஸ்போர்ட்ஸ் கடை. சேல்ஸ்மேன் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பையனுக்கா சார்? பாய்ஸ் சைஸா, யூத் சைஸா?" என்றார்.

"எனக்குத்தான்" என்றேன், குரலைத் தாழ்த்தி.

அவர் தாழ்த்தவில்லை. கடையின் மறுகோடியில் ஏணி மேல் நின்றிருந்த பையனைப் பார்த்து, "டேய், சாருக்கு மென்ஸ் கார்டு ஒண்ணு எடுறா!" என்று ஒரு கத்தல். ஷட்டில் ராக்கெட் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் கேரம் போர்டு பவுடர் வாங்க வந்தவன் போல முகத்தை வைத்துக்கொண்டேன்.

இந்தக் கதிக்கு நான் ஆளானது என் வாயால். பத்திரிகைக்கு எழுதுவது மனசுக்கு. வயிற்றுக்கு? வாரத்தில் மூன்று நாள் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். படித்த பி.காம். சும்மா விடுமா? அந்தக் கட்டடத்தில் ஆறு ஆபீஸ்கள். வருஷா வருஷம் தங்களுக்குள் கிரிக்கெட் ஆடுவார்கள். இதுவரை டென்னிஸ் பால். இந்த வருஷம் யாருக்கோ ரோஷம் வந்து, "ஆடினா லெதர் பால்தான்" என்று முடிவாகிவிட்டது. டீம் எடுக்கும்போது மேனேஜர், "உங்களுக்கு கிரிக்கெட் வருமா?" என்று கேட்டார். "சின்ன வயசுல ஓப்பனிங் பேட்ஸ்மேன் சார்" என்றேன். பொய்யில்லை. தெருவில் பேட்டுக்குச் சொந்தக்காரன் எவனோ அவன்தான் ஓப்பனிங் பேட்ஸ்மேன். எங்கள் தெருவில் பேட் என்னுடையது.

ப்ராக்டீஸ் மேட்ச். முதல் பந்து. கண்ணை மூடிக்கொண்டு லெக் சைடில் ஒரு சுத்து. திரும்பிப் பார்த்தால் மிடில் ஸ்டம்ப் கீப்பருக்குப் பக்கத்தில் படுத்திருந்தது. "ட்ரையல் பால்!" என்றேன், பழைய ஞாபகத்தில். பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்தார்கள். இரண்டாவது பந்து தொடையில். அன்று ராத்திரி பார்த்தால், கத்தரிக்காய் கலரில், கத்தரிக்காய் சைஸில் ஒரு வீக்கம். போட்டிக்கு இன்னும் ஐந்தே வாரம்.

என் ஆட்டம் ஏன் இப்படி இருக்கிறது என்று யோசித்துப் பார்த்தேன். பழியை மேற்கு மாம்பலத்தில் நான் வளர்ந்த சந்தின் மேல்தான் போட வேண்டியிருக்கிறது. வலதுகைக்காரன் பேட் பிடித்து நின்றால் ஆஃப் சைடில் வக்கீல் வீடு. ஜன்னல் கண்ணாடி, துளசி மாடம், மாமி. அந்தக் காம்பவுண்டுக்குள் பந்து போனால் அவுட். அது மட்டுமில்லை, அடித்தவனேதான் போய்க் கேட்டு வாங்கி வரவேண்டும். நேராக அடித்தால் சாக்கடை. லெக் சைடில் மட்டும் ஒரு காலி மனை. பதினைந்து வருஷம் ஆடியவனுக்கு வேறு என்ன ஷாட் வரும்? குட் லெங்க்த், ஷார்ட் பிட்ச், யார்க்கர், எதுவாயிருந்தாலும் தூக்கிக் காலி மனையில் போடு! யாராவது கால் முன்னால் வைத்துத் தடுத்தாடினால், "டேய், டொக்கு வைக்காதடா!" என்று தெருவே கத்தும். டொக்கு வைப்பவனுக்கு அடுத்த நாள் காஜி கிடைக்காது.

டான் பிராட்மன் கதையும் கிட்டத்தட்ட இப்படித்தான். ஆஸ்திரேலியாவில் பௌரல் என்ற ஊரில், வீட்டுப் பின்கட்டில் தண்ணீர்த் தொட்டியைத் தாங்கும் செங்கல் மேடை. பிள்ளையாண்டான் அதில் கோல்ஃப் பந்தை எறிந்து, அது கோணல்மாணலாகத் திரும்பி வரும்போது பேட்டால் அல்ல, வெறும் ஸ்டம்பால் அடித்துப் பழகினான். பேட் பிடிக்கும் முறையும் அதைத் தூக்கும் முறையும் புத்தகத்தில் இருப்பது போல் இல்லை. இருந்துவிட்டுப் போகட்டும், டெஸ்ட் சராசரி 99.94! ஆக, வளர்ந்த இடம்தான் ஆட்டத்தைத் தீர்மானிக்கிறது. அவருக்கு வாய்த்தது வாட்டர் டேங்க். எனக்கு வாய்த்தது வக்கீல் மாமி.

இன்னொரு சமாசாரம். டென்னிஸ் பந்து எடை அறுபது கிராம்கூட இல்லை. கிரிக்கெட் பந்து 156 முதல் 163 கிராம் வரை. கிட்டத்தட்ட மூன்று மடங்கு! டென்னிஸ் பந்து குத்தி எழும்பி, "வா, என்னை அடி" என்று நெஞ்சுக்கு நேரே வந்து நிற்கும். இது நிற்காது. க்ரீஸுக்கு க்ரீஸ் 58 அடி. நல்ல வேகப் பந்து அந்தத் தூரத்தைக் கடக்கச் சுமார் அரை விநாடி. அதற்குள் பந்து எங்கே விழும் என்று பார்த்து, காலை வைத்து, பேட்டைக் கொண்டு வர வேண்டும். அரை விநாடியில் என்னால் கொட்டாவிகூட விட முடியாது.

நங்கநல்லூரில் எங்கள் ஃப்ளாட்டுக்குப் பக்கத்து மைதானத்தில் காலை ஆறு மணிக்குப் பிள்ளைகளுக்குக் கோச்சிங் நடக்கிறது. கோச்சுக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். வெளுத்த தொப்பி, கழுத்தில் விசில். "பையன் எங்கே?" என்றார். அப்டமன் கார்டு கடை அனுபவம் கைகொடுத்தது. "நான்தான் சார் பையன்" என்றேன் தைரியமாக. கொஞ்ச நேரம் என் தொப்பையைப் பார்த்தார். பிறகு, "ஆறு மணின்னா ஆறு மணி" என்று மட்டும் சொன்னார்.

எனக்கு ஜோடி சேர்த்த பையன் நாலாம் வகுப்பு. என் இடுப்பு உயரம். முதல் நாளே, "அங்கிள், உங்க ஷூ லேஸ் அவுந்திருக்கு" என்று சீனியாரிட்டியை நிலைநாட்டிவிட்டான்.

முதல் வாரம் பந்தே கிடையாது. பேட்டைத் தரையில் குப்புறப் போட்டு, "கோடாலியைத் தூக்கற மாதிரி தூக்குங்க" என்றார். தூக்கினால் இரண்டு கையிலும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு 'வி' வருகிறது. இரண்டு 'வி'யும் ஒரே கோட்டில், பேட்டின் முதுகு எலும்புக்கும் வெளி விளிம்புக்கும் நடுவில் நிற்க வேண்டும். அவ்வளவுதான் க்ரிப். முப்பது வருஷமாக நான் பிடித்துக்கொண்டிருந்தது உலக்கை!

"மேல் கை முதலாளி, கீழ்க் கை தொழிலாளி" என்பார் கோச். வலதுகை ஆட்டக்காரனுக்கு இடது கைதான் மேலே இருக்கிறது. திசையைத் தீர்மானிப்பது அது. வலது கை இரண்டு விரலால் சும்மா தொட்டுக்கொண்டிருந்தால் போதும். டென்னிஸ் பால் ஆடியவனுக்கு இது தலைகீழ். கீழ்க் கையில் வாரிச் சுருட்டியே பழகிவிட்டதால், என் தொழிலாளி நிரந்தர ஸ்ட்ரைக்கில் இருந்தார். முதலாளி பேச்சை மருந்துக்கும் கேட்கவில்லை.

அப்புறம் வந்தது ஃபார்வர்ட் டிஃபென்ஸ். சாட்சாத் டொக்கு! எதற்குத் தெருவில் திட்டு வாங்கினோமோ அதற்கு இங்கே ஃபீஸ் கட்ட வேண்டியிருக்கிறது. பார்க்கத்தான் அது ஒன்றுமில்லாதது. தலை முதலில் பந்தின் பக்கம் போகவேண்டும். தலை போனால் கால் தானே போகும். முன்னங்கால் பந்து விழுகிற இடத்துக்குக் கிட்டே. முழங்கை உயரே. பேட்டின் கைப்பிடி முன்னால் சாய்ந்திருக்க வேண்டும், அப்போதுதான் பந்து தரையில் விழும். பிடி இளகியிருக்க வேண்டும், அப்போதுதான் காலடியிலேயே செத்து விழும். பேட்டுக்கும் பேடுக்கும் நடுவே இடைவெளி கூடாது. அந்த இடைவெளிக்கு 'கேட்' என்று பெயர். எனக்கு அது அபார்ட்மென்ட் கேட் மாதிரி எப்போதும் திறந்தே கிடந்தது.

நாலாம் வகுப்புக்கு இதெல்லாம் போரடித்தது. "சார், தோனி ஹெலிகாப்டர் ஷாட் எப்ப சொல்லித் தருவீங்க?" என்றான். கோச், "ஹெலிகாப்டர் முதல்ல தரையில நேரா நிக்கக் கத்துக்கட்டும், அப்புறம் பறக்கலாம்" என்றார். அவனைப் பார்த்துத்தான் சொன்னார். ஆனால் என் ஸ்டான்ஸும் உடனே நேராயிற்று.

என்னிடம் இருந்த பெரிய வியாதி வேறு. பயம். பந்து வருகிறது என்றால் என் பின்னங்கால் எனக்குத் தெரியாமல் ஸ்கொயர் லெக் பக்கம் நழுவும். தொடையில் பட்ட அந்தக் கத்தரிக்காய் செய்த வேலை. ரஞ்சித்சிங்ஜி கேம்பிரிட்ஜில் இருந்தபோது அவருக்கும் இதே வியாதி. கால் ஓடாமலிருக்க வலைப் பயிற்சியில் வலது காலைக் கட்டிப்போட்டார்கள், கட்டிய காலோடு மணிக்கட்டை மட்டும் திருப்பப் போய்த்தான் லெக் க்ளான்ஸ் பிறந்தது என்று ஒரு கதை உண்டு. அவர் 1896-ல் மான்செஸ்டரில் தன் முதல் டெஸ்டிலேயே 62-ம், ஆட்டமிழக்காமல் 154-ம் அடித்தார். கோச் எனக்குக் கயிறு கட்டவில்லை. காலுக்குப் பின்னால் ஒரு செங்கல்லை வைத்தார். கால் நழுவினால் குதிகாலில் செங்கல், நழுவாவிட்டால் பந்து. எது குறைவாக வலிக்கும் என்று நானே முடிவு செய்துகொள்ளலாம். ஒரு நாள் ஏழாவது தடவையாகச் செங்கல்லை உதைத்தபோது அவர் பொறுமை இழந்து, "டேய், ஓடாதேடா!" என்று கத்திவிட்டார். அதுவரை என்னை 'சார்' என்றுதான் கூப்பிடுவார். எனக்கு உள்ளூர ஒரே சந்தோஷம்!

வீட்டிலும் பயிற்சி செய்யச் சொன்னார். பழைய சாக்ஸில் பந்தைப் போட்டு, பால்கனியில் துணி காயப்போடும் கம்பியில் தொங்கவிட்டேன். டொக், டொக், டொக். மூன்றாம் நாள் மனைவி வந்து, "கீழ் ஃப்ளாட்டுல கேக்கறாங்க, தினம் ராத்திரி இஞ்சி தட்டறீங்களான்னு" என்றாள்.

அப்போதுதான் அப்பா, "மாடிக்கு வா, நான் போடறேன்" என்றார்.

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். வாழ்க்கையில் ஒரு தடவைகூட அவர் பேட்டைத் தொட்டதில்லை. அவர் கிரிக்கெட் முழுக்கக் காதால் கற்றது. 1975 ஜனவரியில் சேப்பாக்கத்தில் ஆண்டி ராபர்ட்ஸ் 7 விக்கெட் சாய்க்க, இந்தியா எடுத்த 190-ல் 97 ரன் விஸ்வநாத்துடையது. அந்த ஸ்கொயர் கட்டை அப்பா ஒரு டீக்கடை ரேடியோவில் 'பார்த்தார்'. இன்றைக்கும் கையை வீசிக் காட்டுவார். எழுபது வயதாகிறது. சமீபத்தில்தான் காடராக்ட் ஆபரேஷன் ஆகிக் கறுப்புக் கண்ணாடியோடு இருக்கிறார். டி.வி.யில் எந்த தேசத்துக்காரன் ஆடினாலும் அவர் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: "முன்னங்காலைப் போடுடா!"

1998 மார்ச்சில் ஆஸ்திரேலியா வந்தபோது, லீவு போட்டு என்னை சேப்பாக்கத்துக்கு அழைத்துப் போனார். எனக்கு எட்டு வயது. முதல் நாள். சச்சின் வந்தார். வார்னே பந்தில் ஒரு நாலு. அடுத்த சில பந்துகளில் ஸ்லிப்பில் மார்க் டெய்லர் கையில் கேட்ச். மொத்தம் நாலு ரன்! அப்பா அந்த ஒரு நாள்தான் லீவு போட்டிருந்தார். நாலாம் நாள் சச்சின் ஆட்டமிழக்காமல் 155 அடித்தபோது அவர் ஆபீஸில், நான் வாய்ப்பாட்டில். எங்கள் குடும்ப ராசி அப்படி.

ஆனால் அந்த 155 பற்றிப் பிற்பாடு படித்தபோதுதான் பிரமிப்பு. லெக் ஸ்டம்புக்கு வெளியே பிட்சைக் காலால் கிளறிவிட்டு, அங்கே பந்து குத்தித் திரும்பும்படி நம்மூர் லட்சுமணன் சிவராமகிருஷ்ணனைப் போடச் சொல்லி, வார்னே வருவதற்கு முன்பே அடித்து அடித்துப் பழகியிருக்கிறார். ஸ்பின்னுக்கு எதிராக மிட்விக்கெட் பக்கம் இழுத்தடிப்பது புத்தகப்படி தப்பு. அந்தத் தப்பைத்தான் அவ்வளவு ஒழுங்காகப் பயிற்சி செய்திருக்கிறார். எங்கள் மேனேஜரும் ஒரு தப்பு செய்வார், ரிவர்ஸ் ஸ்வீப். பயிற்சி கிடையாது. 1987 உலகக் கோப்பை ஃபைனலில், ஆலன் பார்டர் போட்ட முதல் பந்தையே ரிவர்ஸ் ஸ்வீப் அடிக்கப் போய் மைக் கேட்டிங் அவுட்டாகி, இங்கிலாந்து 7 ரன்னில் தோற்ற கதையை அவரிடம் சொல்ல ஆசைதான். இன்க்ரிமென்ட் முடியட்டும்.

எங்கே விட்டேன்? மொட்டை மாடி. அப்பா போட்டது எல்லாம் மாங்கா. கையை மடக்கி எறிவார். டென்னிஸ் பந்துதான், ஆனால் முனிசிபல் குழாய் மாதிரி ஒழுங்கே கிடையாது. ஒன்று தலைக்கு மேல், ஒன்று தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால். ஸ்டம்புக்கு நேராக வருவது பத்தில் மூன்று. மற்றதை நான் துரத்தி அடிக்கப் போனால், "எதுக்குடா அதைத் தொடறே? விடு" என்பார். அதற்கு ஆதாரமாக ஒரு டெஸ்ட்டையும் வைத்திருந்தார். 2004 ஜனவரி, சிட்னி. அந்தத் தொடரில் ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே டிரைவ் அடிக்கப் போய் அவுட்டாகிக்கொண்டிருந்த சச்சின், கவர் டிரைவே வேண்டாம் என்று பூட்டி வைத்துவிட்டார். பத்து மணி நேரத்துக்கு மேல், 436 பந்து, ஆட்டமிழக்காமல் 241! கணக்குக்காரன் பாஷையில் சொன்னால், நஷ்டத்தில் ஓடுகிற டிபார்ட்மென்ட்டை மூடிவிட்டு லாபம் காட்டியிருக்கிறார். எவ்வளவு லட்சணமான டிபார்ட்மென்ட், மூட மனசு வருமா?

ஒரு சாயங்காலம் பந்தைக் கையில் வைத்துக்கொண்டே அப்பா நின்றார்.

"அந்த நீச்சல் க்ளாஸ் என்னடா ஆச்சு?"

எனக்குச் சட்டென்று புரியவில்லை. அப்புறம் புரிந்தது. எனக்குப் பதினொரு வயதிருக்கும். பெரிய லீவில் ஒரு கிரிக்கெட் கேம்ப். ஃபீஸ் தவிர, வாங்க வேண்டிய சாமான்களுக்கு ஒரு லிஸ்ட் கொடுத்தார்கள். பேடு, க்ளவுஸ், கார்டு, ஹெல்மெட், லெதர் பால் தாங்குகிற பேட். அப்பா வாசற்படியில் உட்கார்ந்து அதை இரண்டு தடவை படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் நான்தான் போய், "எனக்கு கிரிக்கெட் கேம்ப் வேண்டாம்ப்பா. ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் நீச்சல் கத்துக்கப் போறாங்க, அதான் இஷ்டம்" என்றேன். நீச்சலுக்குச் சட்டி பானை எதுவும் வாங்க வேண்டாமே! அப்பா அந்தக் காசை மட்டும் கொடுத்தார். இரண்டு நாள் போனேன்.

"தண்ணின்னா பயம்ப்பா" என்றேன்.

"ம்" என்றார். கறுப்புக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "சரி, முன்னங்காலைப் போடு. இது நேரா வருது." வரவில்லை. தலைக்கு மேல் போயிற்று.

போட்டி நாள். பதினைந்து ஓவர் மேட்ச். 'ஓப்பனிங் பேட்ஸ்மே'னான என்னைப் பதினோராவது ஆளாகப் போட்டிருந்தார்கள். அப்பா ஸ்கோரர் பக்கத்தில் பிளாஸ்டிக் சேர் போட்டு உட்கார்ந்துவிட்டார். மேனேஜர் ரிவர்ஸ் ஸ்வீப்பில் போனார், சொல்லணுமா என்ன? கொரியர் செக்‌ஷன் பையன் ஒருவன்தான் ஒரு பக்கம் வெளுத்துக்கொண்டிருந்தான். பதினாலாவது ஓவர் இரண்டாம் பந்தில் ஒன்பதாவது விக்கெட் க்ளீன் போல்டு. ஜெயிக்க இன்னும் எட்டு ரன். அவன் அடுத்த ஓவர் ஆடவேண்டுமானால் நான் நாலு பந்து தாங்க வேண்டும். அவன் ஓடி வந்து, "அண்ணே, தயவு செஞ்சு ரன் எடுத்துடாதீங்க" என்றான். வாழ்க்கையில் என்னிடம் யாரும் இவ்வளவு சுலபமான உதவி கேட்டதில்லை.

முதல் பந்து ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே. பேட்டைத் தூக்கிக்கொண்டு விட்டேன். எங்கள் ஆட்களே சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

இரண்டாவது நேராக வந்தது. தலை, கால், முழங்கை. டொக்! கையில் எதுவுமே உறைக்கவில்லை. பந்து காலடியில் கிடந்தது. பேட்டின் சரியான இடத்தில் பட்டால் இப்படித்தான் இருக்குமாம், முப்பத்தாறு வருஷமாக யாரும் என்னிடம் சொல்லவில்லை.

மூன்றாவது ஷார்ட் பிட்ச். நேரே நெஞ்சுக்கு. குதிகாலுக்குப் பின்னால் செங்கல் இல்லை. ஆனால் இருக்கிற மாதிரியே இருந்தது. க்ளவுஸில் பட்டுக் கீழே விழுந்தது. விரல் நெருப்பாக எரிந்தது.

நாலாவது, அட பகவானே, லெக் ஸ்டம்பில் ஃபுல் டாஸ் மாதிரி ஒரு பந்து! அந்தப் பக்கம் ஃபீல்டரே இல்லை. காலி மனை! கீழ்க் கைத் தொழிலாளி கொடி பிடித்துக் கிளம்பிவிட்டார். எப்படியோ அடக்கி, நேர் பேட்டில் மிட் ஆனுக்குத் தள்ளினேன். "நோ! நோ!" என்று எதிர்முனையில் ஒரே அலறல். ஓவர் முடிந்தது.

கடைசி ஓவர் முதல் பந்தில் பையன் ஒரு நாலு அடித்தான். அடுத்தது காற்று. மூன்றாவதைத் தூக்கினான், எல்லைக்கோட்டில் கேட்ச். மூன்று ரன்னில் தோல்வி. ஸ்கோர் புத்தகத்தில் என் பெயருக்கு எதிரே: நாலு பந்து, பூஜ்யம், ஆட்டமிழக்கவில்லை. டிரையல் பேலன்ஸ் டாலி ஆன மாதிரி ஒரு நிம்மதி.

நாலாம் வகுப்பு வேலி ஓரம் நின்று பார்த்திருக்கிறான். "அங்கிள், அந்த ஃபுல் டாஸை ஹெலிகாப்டர் அடிச்சிருக்கலாம்" என்றான் வருத்தமாக.

ஆட்டோவில் அப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. வீங்கிய என் விரலை ஒரு தடவை எடுத்துப் பார்த்தார். வீட்டுத் தெரு திரும்பும்போதுதான் வாயைத் திறந்தார்.

"மூணாவது பந்துக்குக் கால் ஓடலை."

"ஆமாம்ப்பா."

"நாலாவதுக்கு முழங்கை இறங்கிடுச்சு. நாளைக்கு அஞ்சரைக்கே மாடிக்கு வந்துடு."